மெழுகுவர்த்தியில் எரிவது எது? வீட்டில் வார்ப்போருக்கான எளிய விளக்கம்

மெழுகுவர்த்தியை வீட்டிலேயே வார்ப்பதற்கான குறிப்புகளுக்குக் குறைவில்லை. மெழுகை உருக்கு, மணம் சேர், திரியை நிறுத்து, ஊற்று, ஆறவிடு என்று ஐந்து வரிகளில் அவை முடிந்துவிடும். அவற்றைப் பின்பற்றி வார்த்த மெழுகுவர்த்தி நடுவில் குழி விழுந்து அணைந்துபோனாலும், கண்ணாடிக் குவளையின் விளிம்பெல்லாம் கரி படிந்தாலும், காரணத்தை அந்த ஐந்து வரிகளுக்குள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தேடுவோருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் செவிவழிச் செய்திகளே: இயற்கை மெழுகு புகையாது, உறைபெட்டியில் வைத்தெடுத்தால் இரட்டிப்பு நேரம் எரியும், மணம் போதாவிட்டால் எண்ணெயைக் கூட்டிக்கொள்ளலாம். இவற்றில் சில முழுப் பிழை, சில பாதி உண்மை. எது எந்த அளவுக்கு உண்மை என்று பிரித்தறிவதற்கு, மெழுகுவர்த்தியில் எரிவது எது என்ற ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவதே நல்லது.

## எரிபொருள் மெழுகே

நூல் எரிகிறது, அது விரைவாக எரிந்து தீராதபடி மெழுகு தடுக்கிறது என்பதே பலரும் சொல்லும் விடை. எண்ணெய் விளக்கை நினைத்துப் பார்த்தால் இதன் பிழை எளிதில் புலப்படும். விளக்கில் எண்ணெய் வற்றினால் திரி சற்று நேரத்தில் கருகிப் புகைந்து அணைகிறது. எண்ணெய் இருக்கும்வரை அதே திரி மணிக்கணக்கில் நிற்கிறது. எரிவது எண்ணெய் என்பதிலும், அதைச் சுடர்வரை கொண்டு சேர்ப்பதே திரியின் வேலை என்பதிலும் யாருக்கும் ஐயம் இல்லை. மெழுகுவர்த்தியும் ஓர் எண்ணெய் விளக்குதான். அதன் எண்ணெய் சாதாரண வெப்பநிலையில் கட்டியாக இருக்கிறது, அவ்வளவே. சுடரின் சூட்டில் வேண்டிய மட்டும் உருகி, திரியைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம்போலத் தேங்கி நிற்கிறது. இப்படித் தேங்கும் உருகிய மெழுகை உருகுகுளம் என்று அழைப்போம்.

குளத்திலிருந்து மெழுகு மேலேறுவது திரியின் இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக. மெல்லிய இடுக்குகளில் நீர்மம் புவியீர்ப்பையும் மீறித் தானாக மேலேறும் இந்த இயல்புக்கு நுண்புழையேற்றம் என்று பெயர். திரியின் நுனியை எட்டும் மெழுகு அங்குள்ள கடுஞ்சூட்டில் ஆவியாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கலந்து எரிவது அந்த ஆவிதான். கட்டி மெழுகின்மீது தீக்குச்சியைக் காட்டினால் அது உருகுமே தவிரப் பற்றிக்கொள்வதில்லை என்பதற்கும் காரணம் இதுவே.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நன்கு எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்தியை அணைத்தவுடன் திரியிலிருந்து வெண்மையான இழை ஒன்று மேலெழும். பார்வைக்குப் புகைபோல இருந்தாலும், எரியாமல் வெளியேறிய மெழுகாவி குளிர்ந்து உண்டான நுண்துளிகளே அதில் பெரும்பகுதி. அந்த இழையில், திரிக்கு இரண்டொரு சென்டிமீட்டர் மேலே, எரியும் குச்சியைக் காட்டினால் தீ இழைவழியே கீழிறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். குச்சி திரியைத் தொட வேண்டியதே இல்லை. ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்காக 1848-இலும், மீண்டும் 1860-இன் இறுதியிலும் மெழுகுவர்த்தியை மட்டுமே பொருளாகக் கொண்டு தொடர் உரைகள் நிகழ்த்தியபோது, இச்சோதனையையும் செய்து காட்டினார்.

ஆக, கட்டி மெழுகு நீர்மமாகி, நீர்மம் திரிவழியே ஏறி, ஆவியாகி, அந்த ஆவி எரிகிறது. அதில் எழும் சூடு அடுத்த துளியை உருக்குகிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் மெழுகுவர்த்தி ஒழுங்காக எரியாது.

## சுடருக்குள் நடப்பது

சுடரின் அடியில் தெரியும் நீல விளிம்பில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால் அங்கே ஆவி நன்றாக எரிகிறது. திரியை ஒட்டிய கருமையான பகுதி இன்னும் எரியாத ஆவி. அதற்கு மேலே, சுடரின் பெரும்பகுதியான மஞ்சள் பரப்பில், ஆக்சிஜன் உள்வரை எட்டுவதில்லை. சூட்டில் சிதைந்த ஆவியிலிருந்து நுண்ணிய கரித்துகள்கள் உண்டாகி, பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஒளிர்வதைப்போல ஒளிர்கின்றன. நாம் காணும் வெளிச்சம் அந்தக் கரியின் வெளிச்சமே. ஒழுங்காக எரியும் சுடரில் அத்துகள்கள் வெளி விளிம்பை அடைவதற்குள் எரிந்து தீர்ந்துவிடுகின்றன. மஞ்சள் பகுதியின் நடுவே ஓர் உலோகக் கரண்டியை ஒரு நொடி காட்டினால் அதன் அடியில் கரி அப்பிக்கொள்வதைக் காணலாம். ஆகவே கரியே இல்லாத மெழுகுவர்த்தி என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. சுடரைவிட்டு வெளியேறும் கரி எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சுடருக்கு ஆக்சிஜன் எப்படி வந்து சேர்கிறது? சூடான வாயு லேசாகி மேலெழ, அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக்காற்று நுழைகிறது. சூட்டினால் உண்டாகும் இந்த ஓட்டம் வெப்பச்சலனம் எனப்படும். சுடர் மேல்நோக்கிக் கூராக நீள்வதற்கும் இதுவே காரணம். எடையின்மை நிலவும் விண்கலங்களுக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றிச் சோதித்தபோது, இந்த ஓட்டம் இல்லாததால் சுடர் சிறிய நீலநிற உருண்டையாகவே நின்றது.

எரிந்த மெழுகு எங்கே போகிறது என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. ஒரு கிராம் பாரஃபின் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 3.1 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 1.3 கிராம் நீராவியும் உண்டாகின்றன. காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜனின் எடையும் இதில் அடங்கும் என்பதால்தான் கூட்டுத்தொகை ஒரு கிராமைத் தாண்டுகிறது. காற்றோட்டமே இல்லாத சிறு அறையில் பல மெழுகுவர்த்திகளை நெடுநேரம் எரிப்பது நல்லதன்று என்று சொல்லப்படுவதற்குக் காரணமும் இதுவே.

இதுவரை கண்டதில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று: சுடருக்கு இரு பக்கமிருந்து வரத்து இருக்கிறது. திரிவழியே மெழுகு, சுற்றிலுமிருந்து காற்று. மெழுகின் வரத்து கூடினால் கரி வெளியேறும். குறைந்தால் சுடர் சிறுத்து அணையும். வீட்டு மெழுகுவர்த்தியில் வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

## திரியைத் தேர்வது

தொடக்கநிலையில் இருப்பவர்கள் மெழுகையும் மணத்தையும் வண்ணத்தையும் நாள்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, திரியை மட்டும் கைக்குக் கிடைத்த பருத்தி நூலில் முடித்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் இந்த வரிசையையே தலைகீழாக்க வேண்டும். மெழுகின் வரத்தைத் தீர்மானிப்பது திரிதான்.

முறுக்கிய நூல் நிமிர்ந்து நின்று, எரியாத கரிமுனையைச் சுடரின் நடுவே நீட்டிக்கொண்டே போகும். அதுவே திரியாக இருந்த காலத்தில் மெழுகுவர்த்தி எரியும் வீடுகளில் அம்முனையை அடிக்கடி கத்தரித்துவிடுவது தனி வேலையாகவே இருந்தது. பிரான்சைச் சேர்ந்த ஜூல் தெ காம்பசெரெஸ் 1825-இல் பின்னல் திரியைக் கொண்டுவந்த பிறகே நிலைமை மாறியது. பின்னலின் இழுவிசையால் திரியின் நுனி ஒரு பக்கமாக வளைந்து, சுடரின் வெளி விளிம்பை எட்டுகிறது. அங்கே சூடும் ஆக்சிஜனும் மிகுந்திருப்பதால் நுனி சாம்பலாகிவிடுகிறது. இன்று விற்கும் திரிகள் போராக்ஸ் போன்ற உப்புகளின் கரைசலில் ஊறவைத்து உலர்த்தப்படுவதும் நுனி கனன்றுகொண்டே இராமல் சீராக எரிந்து தீரவேண்டும் என்பதற்காகத்தான். சாதாரணத் தையல் நூலும் கம்பளி இழையும் திரியாக உதவாததன் காரணம் இப்போது விளங்கும்.

நடுவில் மெல்லிய உலோகக் கம்பி வைத்த திரிகளும் உண்டு. உருகுகுளம் ஆழமாக இருக்கும் குவளைகளில் திரி சாய்ந்துவிடாமல் கம்பி அதைத் தாங்குகிறது. முன்பு இதற்கு ஈயக் கம்பி பயன்பட்டது. எரியும்போது ஈயம் காற்றில் கலந்ததால் அமெரிக்கா 2003-இல் ஈயத் திரிகளைத் தடை செய்தது. இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலும் துத்தநாகம் இருக்கும். உறையில் விவரம் ஏதும் இல்லாத கம்பித் திரியை விட்டுவிட்டுப் பருத்திப் பின்னலையே வாங்குவது சிக்கலற்றது.

அடுத்தது அளவு. திரியின் தடிமன் மெழுகுவர்த்தியின் விட்டத்துக்கும் மெழுகின் வகைக்கும் பொருந்த வேண்டும். திரி மெலிதானால் உருகுகுளம் ஓரம்வரை பரவாது. நடுவில் மட்டும் பள்ளம் இறங்கி, சுவர்போல மெழுகு எஞ்சும். தடித்தால் வரத்து மிகுந்து சுடர் உயர்ந்து துடிக்கும், கரி பறக்கும், குவளையும் அளவுக்கு மீறிச் சூடாகும். நுனியில் காளான் குடைபோலக் கரி திரள்வதும் பெரும்பாலும் இதன் அடையாளமே. தயாரிப்பாளர்கள் தரும் பட்டியல் தோராயமான தொடக்கம் மட்டும். ஒரே குவளையில், ஒரே மெழுகில், அடுத்தடுத்த மூன்று அளவுத் திரிகளை இட்டு எரித்துப் பார்ப்பதற்கு மாற்றுவழி இல்லை. விட்டம் 8 சென்டிமீட்டரைத் தாண்டும் அகன்ற குவளைகளில் ஒரு தடித்த திரியைவிட இரண்டு மெல்லிய திரிகள் சீராக எரிவதுண்டு.

## மெழுகுகள்: எது இயற்கை, எது நல்லது

வீட்டில் பயன்படுவன முக்கியமாக நான்கு. பாரஃபின், கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. வகைக்கு ஏற்ப ஏறத்தாழ 46 முதல் 68 டிகிரி செல்சியசுக்குள் உருகும். சோயா மெழுகு, சோயா எண்ணெயுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கியது. மென்மையானது என்பதால் பெரும்பாலும் குவளைகளில் வார்க்கத்தான் ஏற்றது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும்; சற்றுத் தடிப்பான நீர்மமாக ஏறுவதால் அதற்குப் பொதுவாக இன்னும் பெரிய திரி வேண்டும். ஸ்டியரிக் அமிலம் கொழுப்பிலிருந்து பிரிப்பது. கொழுப்பை அப்படியே எரித்தால் நெடியும் புகையும் வருவதைக் கண்டு, அதிலிருந்து கிளிசரினை நீக்கி வர்த்தி செய்யும் முறைக்கு பிரெஞ்சு வேதியியலாளர்களான மிஷேல் செவ்ரல், கே லுசாக் ஆகிய இருவரும் 1825-இல் காப்புரிமை பெற்றனர். இன்று பாரஃபினைக் கெட்டிப்படுத்துவதற்காக அதைச் சிறிதளவு கலப்பது வழக்கம்.

பாரஃபின் நஞ்சு, சோயா தூய்மை என்ற பேச்சை அடிக்கடிக் கேட்கலாம். பாரஃபின், சோயா, தேன்மெழுகு ஆகிய மூன்றும் பெரும்பாலும் நீண்ட கார்பன்–ஹைட்ரஜன் தொடர்களால் ஆனவை; ஒழுங்காக எரிந்தால் மூன்றும் தருபவை கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமே. பொருந்தாத திரியில் சோயாவும் கரி கக்கும். பொருந்திய திரியில் பாரஃபினும் பெரிதாகக் கரி வெளியேற்றாமல் எரியும். பாரஃபின் புதைபடிவ எரிபொருளிலிருந்து வருகிறது என்பதற்காக ஒருவர் அதைத் தவிர்க்கலாம். அது நியாயமான காரணம். புகையைக் காரணம் காட்டுவது அவ்வளவு நியாயமன்று.

மெழுகின் வகை எரிதலைவிட வார்ப்பையே அதிகம் பாதிக்கிறது. தனித்து நிற்கும் உருளை வேண்டுமானால் கடினமான, உயர்ந்த வெப்பநிலையில் உருகும் மெழுகு தேவை. குவளையில் வார்ப்பதற்கு மென்மையான மெழுகு போதும். அது சுவரில் நன்றாக ஒட்டும்.

## உருக்குதலும் வார்த்தலும்

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக்கூடாது என்பது எல்லாக் குறிப்புகளிலும் இருக்கிறது. ஏன் என்பதுதான் சொல்லப்படுவதில்லை. நீர் 100 டிகிரியில் கொதித்து நம்மை எச்சரிக்கும், அதற்குமேல் சூடேறாது. மெழுகு கொதிப்பதில்லை, அமைதியாகவே சூடேறிக்கொண்டு போய், ஏறத்தாழ 200 டிகிரியில் அதன் ஆவி தீப்பற்றும் நிலையை எட்டிவிடும். புகை தெரியும்போது எச்சரிக்கைக் கட்டம் கடந்துவிட்டது என்று பொருள். பெரிய பாத்திரத்தில் நீரைச் சூடாக்கி அதனுள் மெழுகுப் பாத்திரத்தை வைத்தால், நீர் வற்றாதவரை மெழுகு 100 டிகிரியைத் தாண்டாது. வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். அடுப்பைவிட்டு நகரவே கூடாது.

உருகிய மெழுகு தீப்பற்றினால் அதன்மீது நீர் ஊற்றுவது மிகக் கொடிய பிழை. எண்ணெய்த் தீயிலும் இதே விதிதான். மெழுகைவிடக் கனமான நீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. அந்த விரிவு எரியும் மெழுகைத் துளித்துளியாக அறையெங்கும் வீசும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் பொருந்தும் மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் இருப்பதே சரி. மூடியை வேலை தொடங்கும்முன்பே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மணத்துக்கான எண்ணெயைக் கரண்டிக் கணக்கில் சேர்க்காமல் எடைபோட்டுச் சேர்க்க வேண்டும். 100 கிராம் மெழுகுக்கு 6 முதல் 10 கிராம்வரை என்பது பொதுவான அளவு. மெழுகின் உறையில் அதன் உச்சவரம்பு குறிக்கப்பட்டிருக்கும். அதை மீறினால் மணம் கூடுவதில்லை. மெழுகு ஏற்றுக்கொள்ளாத எண்ணெய் மேற்பரப்பில் வியர்வைபோலக் கசியும், திரியின் இடுக்குகளை அடைத்து நுண்புழையேற்றத்தையும் கெடுக்கும். வண்ணத்துக்கும் இது பொருந்தும். வண்ணக் கிரையான்களை உருக்கிக் கலப்பது எளிதாகத் தோன்றினாலும் அவற்றின் நிறப்பொடி மெழுகில் கரைவதில்லை. திரியில் போய் அடைத்துக்கொள்ளும். மெழுகில் கரையும் சாயம் என்று குறித்து விற்பதையே வாங்க வேண்டும்.

வார்க்கும்முன் திரியை உருகிய மெழுகில் ஒருமுறை தோய்த்து நேராக உலர்த்தினால், முதன்முதலாகப் பற்றவைக்கும்போதே எரிபொருள் நுனியில் இருக்கும். அதன் அடியைக் குவளையின் மையத்தில் உலோகத் தகட்டுடன் ஒட்டி, மேல்நுனியைக் குறுக்கே வைத்த குச்சியில் கட்டி நிமிர்த்த வேண்டும். திரி மையம் விலகினால் குவளையின் ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரிசல் விடக்கூடும். குவளை வெப்பம் தாங்கும் கண்ணாடியாக இருக்கட்டும். வாய் குறுகிய பாட்டில்களில் காற்று நுழைய வழியில்லை. குவளையிலும் திரியிலும் ஈரம் இருந்தால் சுடர் படபடவென்று பொரியும்.

மெழுகு ஆறும்போது சுருங்கும். பாரஃபினில் இச்சுருக்கம் பருமனில் பத்தில் ஒரு பங்கை எட்டக்கூடும். ஓரம் முதலில் உறைவதால் பள்ளம் திரியருகே விழுகிறது. அது பிழையன்று, மெழுகின் இயல்பு. கொஞ்சம் மெழுகை ஒதுக்கிவைத்து, மேற்பரப்பு உறைந்ததும் பள்ளத்தை மீண்டும் நிரப்பினால் போதும். சோயா மெழுகின்மேல் வெண்பனிபோலத் தோன்றும் படலமும் படிகங்கள் உருவாவதன் அடையாளம்; எரிதலுக்கு அதனால் கேடில்லை. வார்த்த மறுநாளே பற்றவைக்காமல் சோயா மெழுகுவர்த்தியை ஒன்றிரண்டு வாரம் வைத்திருந்தால் மணம் சீராக வெளிப்படும்.

வார்ப்பில் கண்டிப்பு வேண்டிய இடங்கள் மூன்று: வெப்பநிலை, எடை, திரியின் மையம். மற்றவற்றில் கைப்போக்குக்கு இடமுண்டு.

## எரிக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதல்முறை எரிப்பது மிகவும் முக்கியம். உருகுகுளம் ஓரத்தைத் தொடும்முன் அணைத்துவிட்டால், அடுத்த முறையும் அந்த வட்டத்துக்குள்ளேயே மெழுகு உருகப் பார்க்கும். பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும். விட்டத்தில் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே பள்ளம் விழுந்திருந்தால், குவளையின் வாயை அலுமினியத் தாளால் சுற்றி நடுவில் மட்டும் திறப்பு விட்டுச் சற்று நேரம் எரித்தால், சூடு திரும்பி ஓர மெழுகை உருக்கும். பக்கத்திலிருந்து கவனித்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது.

ஒவ்வொரு முறையும் பற்றவைக்கும்முன் திரியை 6 மில்லிமீட்டர் அளவுக்குக் கத்தரிப்பது சடங்குக்காகச் சொல்லப்படும் அறிவுரையன்று. நீண்ட திரி அதிகப் பரப்பில் ஆவியை வெளியிடுகிறது. அவ்வளவுக்கும் காற்று ஈடுகொடுக்காது. கத்தரித்த துணுக்குகளை உருகுகுளத்தில் விட்டுவிட்டால் அவையும் தீப்பற்றி இரண்டாம் திரியாகிவிடும். மின்விசிறிக்குக் கீழும் திறந்த சன்னலருகிலும் வைத்தால் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, கரி எரிந்து தீர்வதற்குள் வெளியேறும். மெழுகும் ஒருபுறமாக வழிந்து வீணாகும்.

தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்காமல் ஆறவிட்டு, திரியைக் கத்தரித்து மீண்டும் ஏற்றலாம். திரைச்சீலை, காகிதம் முதலியவற்றிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் விலகியிருக்க வேண்டும். ஆளில்லாத அறையிலும் உறங்கும்போதும் எரியக்கூடாது. ஊதி அணைத்தால் மெழுகு தெறிக்கும். கம்பியால் திரியை உருகுகுளத்தில் அழுத்தி உடனே நிமிர்த்தினால் வெண்ணிழையும் நெடியும் எழாது, அடுத்த ஏற்றலுக்குத் திரியும் மெழுகில் தோய்ந்திருக்கும்.

உறைபெட்டி விவகாரத்தை ஒரு வரியில் முடிக்கலாம். ஏற்றிய சிறிது நேரத்தில் சுடரருகே உள்ள மெழுகு உருகுநிலைக்கு வந்துவிடுவதால் முன்குளிர்ச்சியின் பயன் அற்பமே. திடீர்க் குளிரில் மெழுகும் கண்ணாடியும் விரிசல் விடும் ஆபத்தோ உண்மையானது. வெயில் படாத, உலர்ந்த இடத்தில் மூடிவைப்பதே போதுமான பாதுகாப்பு.

குவளையின் அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு எஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் எரித்தால் சுடரின் சூடு நேராகக் கண்ணாடியையும் மேசையையும் தாக்கும். எஞ்சியதை வெந்நீரில் குவளையை நிறுத்தி உருக்கிக் காகிதத்தில் ஊற்றி எடுக்கலாம். கழுவு தொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைத்துவிடும். பல குவளைகளில் எஞ்சியதைச் சேர்த்து மீண்டும் வார்ப்பதும் முடியும். ஆனால் அது எந்த மெழுகு எவ்வளவு கலந்தது என்று தெரியாத கலவை என்பதால், பழைய திரி அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சிறிய குவளை ஒன்றில் முதலில் எரித்துப் பார்த்துத்தான் மற்றவற்றை வார்க்க வேண்டும்.